தெரிந்தவர்கள் வலது கை

கேள்வித்தாளைக் கடைசி பெஞ்சுவரை கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது தவமணிக்குத் தான் உட்கார்ந்ததாகவே தோன்றவில்லை, யாரோ தன்னைத் தூக்கி அதில் வைத்துவிட்டுப் போனதாகத் தோன்றியது. மணி மூன்றரை. நான்கு பத்துக்குக் கடைசி மணி அடிக்கும். அடித்துவிட்டால் தீர்ந்தது. எட்டாம் வகுப்பு பி பிரிவு, சமூக அறிவியல், கற்பித்தல் பயிற்சி, பதினாறு வாரம் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதியிருப்பதற்குக் கீழே லூர்துமேரி டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். இந்தப் பள்ளியில் அவளுக்கு வழிகாட்டி ஆசிரியை அவர்தான். நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தால், திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பச்சைச் சுவர் யாரோ, அவள் யாரோ. நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். பி.எட். படிக்கிறவர்கள் பயிற்சியின் கடைசியில் இப்படி ஓர் அடைவுத் தேர்வு வைத்து, மதிப்பெண்களைக் கட்டம் போட்டு எழுதி, வரைபடம் வரைந்து ஒட்ட வேண்டும். பிள்ளைகள் எவ்வளவு கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. நாற்பத்திரண்டு தலைகள் குனிந்திருந்தன. பேனாக்களின் சத்தம் முறத்தில் அரிசி நகர்கிற சத்தம்போல ஒரே சீராக இருந்தது. மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. குதிகாலில் வலி. இந்த வலி எந்த வாரம் தொடங்கியது என்று யோசித்தாள். மூன்றாவது வாரமா, நாலாவதா. நாலாவது வாரத்தில் வலித்திருக்காது. நாலாவது வாரத்தில் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சைப் பார்க்கக் கூடாது என்று காலையில் பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். ஒன்பது நாளாகச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட ஒன்றை இந்த நாற்பது நிமிடத்துக்குள் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எப்போதைக்குமாக விட்டுவிடவேண்டும். விட்டுவிடலாம் என்றுதான் பஸ்ஸில் தீர்மானமாயிற்று. முதல் வரிசையைப் பார்த்தாள், கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட தேதியைப் பார்த்தாள், தன் நகத்தைப் பார்த்தாள், பிறகு பார்த்தாள். பூமாரி எழுதிக்கொண்டிருந்தாள். வலது கையால். வலது கையால் எழுதும்போது அந்தப் பிள்ளை விரலால் எழுதுவதில்லை, தோளால் எழுதுகிறாள், கழுத்தால் எழுதுகிறாள். ஒவ்வோர் எழுத்துக்கும் தலை ஒருமுறை சாய்ந்து நிமிர்கிறது. பேனாவைக் கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறாள், இரண்டு விரலின் நுனி வெளுத்துப்போயிருக்கிறது. இடது கையைக் காணவில்லை. தவமணி கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். இடது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் பூமாரி.

கண்ணை எடுத்துக்கொண்டாள். எடுத்த கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முப்பத்தேழு வயதில் ஆசிரியையாகப் போகிறேன் என்று கிளம்பினாயே, உன்னை யார் கேட்டது. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை. வருகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஆதியிலிருந்து தொடங்குவார்கள். மூத்தவன் பேசுவதில்லை, சின்னவன் பெண்டாட்டி சரியில்லை, கிணற்றுத் தகராறு, அந்த வருஷத்து மழை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எட்டு வரியில் அடித்துக் கொடுக்க வேண்டும். ஐயா வணக்கம் என்று தொடங்கி இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள என்று முடிகிற எட்டு வரி. அவர்கள் சொன்னதெல்லாம் அந்த எட்டு வரிக்கு வெளியே கழற்றிப்போட்ட செருப்புபோல வாசலில் கிடக்கும். ஒருநாள் ஒரு கிழவர் மனுவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் சொன்னது இதுல எங்கம்மா இருக்கு என்று கேட்டார். அன்றைக்குத்தான் நினைத்தாள், ஆட்கள் பேசுவதை வெட்டாமல் கேட்கிற ஒரு வேலைக்குப் போகவேண்டும் என்று. பள்ளிக்கூடம் அப்படி ஓர் இடம் என்று எந்தப் பைத்தியம் அவளுக்குச் சொன்னது. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பாடத்திட்டம் எழுதச் சொன்னார்கள். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் ஆசிரியர் செயல்பாடு, அந்தப் பக்கம் மாணவர் செயல்பாடு. இரண்டு பக்கத்தையும் அவளே எழுதவேண்டும். ஆசிரியை வினவுகிறார். மாணவிகள் ஆர்வத்துடன் விடையளிக்கின்றனர். கலந்துரையாடல், ஆறு நிமிடம். மாணவிகள் தமக்குள் விவாதித்து முடிவுக்கு வருகின்றனர். என்ன முடிவு என்பதையும் எழுதியாகவேண்டும். அவள் மகள் அபிதா, ஆறாவது படிக்கிறவள், பக்கத்தில் உட்கார்ந்து அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று உனக்கு எப்படியம்மா முன்னாலேயே தெரியும் என்று கேட்டாள். நன்றாகக் கேள்வி கேட்டால் தெரிந்துவிடும் என்று ஏதோ சொல்லி வைத்தாள் தவமணி. தெரிந்த பிறகு எதற்குக் கேட்கிறாய் என்றாள் அபிதா. தவமணி எழுந்துபோய்ச் சாதம் வெந்துவிட்டதா என்று பார்த்தாள்.

மூன்று நாற்பத்தைந்து. முதல் வரிசையில் கீர்த்திகா கூடுதல் தாள் கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தாள். எழுந்த சாக்கில் ஒரு சுற்று நடந்துவரலாம், நடந்தால் மூன்றாவது பெஞ்சைக் கடக்கவேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாலாவது வாரம். அதைத் தொடாமல் இருக்கமுடியவில்லை, ஆடுகிற பல்லை நாக்கு தொடுவதுபோல. பாடம் மக்களாட்சி. புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் முடிவெடுப்பது யார் என்று கேட்டாள். பாடத்திட்டத்தில் அந்தக் கேள்வி கிடையாது, எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியாது. கேள்வி கேட்டபின் மூன்று வினாடி காத்திருக்கவேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். மூன்றுவரை எண்ணினாள். நான்கு, ஐந்து. பதினொன்றாவது எண்ணிக்கையில் யோகலட்சுமி எழுந்து, எங்க வீட்டுல கரண்டுதான் மிஸ் முடிவெடுக்கும், இருந்தா சட்னி, இல்லாட்டி ரசம் என்றாள். அதன்பிறகு மடை திறந்துவிட்டது. பாட்டியின் முழங்கால் வலிதான் முடிவெடுக்கிறது என்றாள் ஒருத்தி. வீட்டிலும் ஓட்டுப் போட்டால் என்ன என்று ஒருத்தி கேட்க, போட்டாலும் தோற்றுவிடுவோம், எங்கள் வீட்டில் ஆண்கள் மூன்று பேர், நானும் அம்மாவும்தான் இந்தப் பக்கம் என்று இன்னொருத்தி கணக்குச் சொன்னாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில், அதுவரை வருகைப் பதிவுக்குத் தவிர வாயைத் திறக்காத பூமாரி எழுந்து நின்றாள்.

"நான் எந்தக் கையால எழுதணும்னு எங்க பெரியப்பா முடிவெடுத்தாரு மிஸ். கை என்னோடது."

அதுவரை தவமணி அந்தப் பிள்ளையின் கையெழுத்தை மோசமான கையெழுத்து என்றுமட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா ஒன்றாம் வகுப்பிலேயே விரலில் அடித்து மாற்றிவிட்டார் என்பது அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. பீச்சாங்கையால் எழுதினால் படிப்பு தங்காது என்றாராம். கிரிக்கெட்டில் இடது கைக்காரர் அடித்தால் கை தட்டுகிறார்களே, அது மட்டும் எப்படி என்று கீர்த்திகா கேட்டாள். அது விளையாட்டு, எழுதுவது சரஸ்வதி என்றாள் ஒருத்தி. சரஸ்வதிக்கு நாலு கை, அவளுக்கு எது பீச்சாங்கை என்று கேட்டது யார் என்று இப்போது நினைவில்லை. ஆறு நிமிடக் கலந்துரையாடல் இருபத்திரண்டு நிமிடம் ஓடியது. தவமணி உட்காராமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தாள், அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் சொல்லிவிட்டாள். இந்த வகுப்பில் நீ எந்தக் கையால் வேண்டுமானாலும் எழுதலாம், இங்கே யார் என்ன சொன்னாலும் யாரும் சிரிக்கமாட்டோம் என்று. சிரிக்கமாட்டோம். மனுவின்மேல் குத்துவதுபோல அந்தச் சொல்லின்மேல் யாரும் ஒரு முத்திரைகூடக் குத்தவில்லை. மறுநாளிலிருந்து பூமாரி அவள் வகுப்பில் இடது கையால் எழுதினாள். எழுத்துகள் எழுந்து நின்றன. ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆற்றோரத்து நாணல் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்குமே, அப்படி. எழுதி முடித்ததும் உள்ளங்கையின் ஓரத்தில் ஒட்டிய மையைக் கொண்டுவந்து மருதாணி காட்டுவதுபோலக் காட்டுவாள். பத்து வாரம் காட்டினாள். பாடம் நடத்தத் தெரிந்துவிட்டது என்று தவமணி நினைத்துக்கொண்ட பத்து வாரம்.

லூர்துமேரி டீச்சரைக் குறை சொல்லமுடியாது. குறை சொல்ல ஆள் கிடைத்தால் எவ்வளவோ ஆறுதலாக இருக்கும், ஆனால் அந்த அம்மாள் நல்லவர். முப்பத்தொரு வருட சர்வீஸ், மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஏசுவே என்பார், டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் கவளம் பயிற்சிக்கு வந்தவளுக்குத்தான். கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு மேடம் வருகிறார் என்று தெரிந்ததும் அவராகத்தான் ஸ்டாஃப் ரூமில் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார். நீ கேள்வி கேட்டால் நாலு கைதான் எழும்பும், பார்க்கிறவர்களுக்கு நீ சரியாக நடத்தவில்லை என்று படும், ஒரு வழி சொல்கிறேன் கேள் என்றார். தெரிந்தவள் வலது கையைத் தூக்கட்டும். தெரியாதவள் இடது கையைத் தூக்கட்டும். நீ வலது கையாகப் பார்த்துக் கேள். மொத்த வகுப்பும் கை தூக்கி நிற்கும். இந்தப் பள்ளியில் இது வழிவழியாக நடப்பதுதான், இன்ஸ்பெக்டர் காலத்திலிருந்து. தவமணியின் முகம் எப்படியோ போனதைப் பார்த்துவிட்டு, "இது ஏமாத்து இல்லம்மா. தெரியாத பிள்ளைக்கும் ஒருநாளாவது கையத் தூக்குற ஆசை இருக்காதா" என்றார். அது தவமணிக்குச் சரியாகவே பட்டது. சரியாகவே பட்டது. அந்த நிமிடத்தில் பூமாரியின் நினைவு ஒரு நூல்கூட வரவில்லை. மார்க்கின் நினைவு வந்தது. தகுதித் தேர்வு, நேர்முகம், ஏதாவது ஒரு பள்ளியில் இடம், இந்த வயதில் இன்னும் எத்தனை தடவை ஆரம்பிப்பது என்பதெல்லாம் வந்தது.

மறுநாள் ஒத்திகை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. எதிரில் நிற்கிறவளுக்கு அவர்களுடைய வலது இவளுடைய இடதாகத் தெரியும் என்பதால் குழம்பாமலிருக்க ஜன்னல் பக்கம் வலது, சுவர்ப் பக்கம் இடது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை என்று மூன்றாவது தடவை அவள் சொன்னபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், அப்ப நம்ம பூமாரிக்கு ஒண்ணுமே தெரியாதா மிஸ் என்றது. குரலில் விஷமில்லை, பதின்மூன்று வயதுக்குத் தானாக வருகிற வேடிக்கைதான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். இங்கேதான், எத்தனை தடவை இந்த வழியாக வந்தாலும், முந்தானை முள்ளில் மாட்டுவதுபோல இங்கேதான் மாட்டுகிறது. அவளும் சிரித்தாள். பெரிய சிரிப்பில்லை. உதடு பிரிந்து மூடுகிற நேரம்தான். களைப்பில் வந்தது. எதிர்பாராமல் பொருத்தமாக ஒன்று வந்து விழுந்தால் மனுஷருக்கு வருகிற சிரிப்பு. சிரித்து முடித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்பது தெரிந்தது. அப்போது மூன்றாவது பெஞ்சைப் பார்த்தாள். பூமாரியும் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரிக்கும்போது தனியாக விடப்படாமலிருக்க ஒரு சிரிப்பு உண்டே, அந்தச் சிரிப்பு.

மூன்று ஐம்பத்தைந்து. யாரோ இருமினார்கள். ஒரு அடிக்கோல் கீழே விழுந்தது. போன வாரம் வியாழக்கிழமை மேடம் பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் மதிப்பீட்டுப் படிவம். முதல் கேள்விக்கு நாற்பத்திரண்டு கைகள். மேடத்தின் புருவம் உயர்ந்தது. இரண்டாவது கேள்விக்கும் அப்படியே. மூன்றாவது கேள்வியை அவள் கேட்டிருக்கவேண்டாம். வீட்டில் முடிவெடுப்பது யார் என்று இந்த வகுப்பில் ஒருமுறை பேசினோமே, அப்போது நாம் கண்டுபிடித்தது என்ன என்று கேட்டாள். அன்றைய சந்தோஷத்தை மேடத்துக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை. கைகள் எழுந்தன. பூமாரியின் கை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுந்தது. இடது கை. கொடிக்கம்பம்போல நேராக, காதோடு ஒட்டி, விரல்கள் சேர்ந்து. கண் தவமணியின் கண்ணில். தெரியும் என்கிற கை அது. அந்த வகுப்பில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே கை. தவமணியின் கண் அதன்மேல் ஒரு கணம் நின்றது, பிறகு தாண்டியது, சேற்றைத் தாண்டுவதுபோலத் தாண்டி, கீர்த்திகாவின் வலது கையில் போய் இறங்கியது. கீர்த்திகா புத்தகத்தில் உள்ளதைச் சொன்னாள். மக்களால் மக்களுக்காக. நன்று என்றாள் தவமணி. மேடம் எதையோ எழுதிக்கொண்டார். கை மெதுவாக இறங்கியதை அவள் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது. பழக்கத்தில் தூக்கினாளா, இல்லை வேண்டுமென்றே தூக்கிப் பார்த்தாளா. பழக்கமென்றால் மறதி, மன்னித்துவிடலாம், யாரை யார் மன்னிப்பது என்பது வேறு. வேண்டுமென்றே என்றால் அது பரீட்சை. அந்தப் பிள்ளை தன் டீச்சருக்கு ஒரு கேள்வி வைத்தாள், ஒரே ஒரு கேள்வி, நாற்பது பேருக்கு முன்னால், சத்தமில்லாமல். ஒன்பது நாளாக இந்த இரண்டுக்கும் நடுவே தறிநாடாபோல ஓடிக்கொண்டிருக்கிறாள். முழு வகுப்பும் பங்கேற்றது, மாணவிகளிடம் ஆசிரியைமேல் மிகுந்த நம்பிக்கை தெரிகிறது என்று மேடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நம்பிக்கை. கல்லூரியில் வகுப்பறையில் நம்பிக்கையின் பங்கு என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதினாள். நாலரை போட்டிருந்தார்கள்.

பூமாரி கோபப்பட்டிருந்தால் பிடிப்பதற்கு ஒரு முனை இருந்திருக்கும். மறுநாள் வணக்கம் மிஸ் என்றாள், நோட்டைச் சரியாகக் கொண்டுவந்து வைத்தாள், வலது கையால் எழுதிய எழுத்து மறுபடியும் விழுந்துகிடந்தது. ஏனம்மா என்று கேட்டதற்குப் பழகணும் மிஸ் என்றாள். மற்றவர்கள்தான் கை தூக்கினார்கள். ஐயோ, எப்படித் தூக்கினார்கள். இந்த வாரம் தண்ணீரைப் பற்றி ஒரு பாடம், தெருக் குழாயில் சண்டை வந்தால் யார் தீர்க்கவேண்டும் என்று மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கேள்வி முடிவதற்கு முன்னால் நாற்பத்தொரு கைகள் எழுந்துவிட்டன, இடதும் வலதுமாக, விளைந்த கம்பங்காடுபோல. பார்க்க அவ்வளவு அழகு. ஒருத்திக்கும் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்கு மேடம் வரவில்லையே என்றாள். தெரியும் மிஸ், பழகிக்கிறோம் என்றார்கள். பழகிவிடும். பத்து வாரம் பேசப் பழகியது ஒரே நாளில் போய்விட்டது, கை தூக்கப் பழகியது சாகும்வரை இருக்கும். பயமாக இருந்தது. இன்னும் இருபது வருடம் இருக்கிறது வேலை கிடைத்தால். வருடத்துக்கு ஐந்து வகுப்பு, வகுப்புக்கு நாற்பது பேர், ஒவ்வொரு நாளும் யாராவது ஒருத்தி கையைத் தூக்குவாள், ஒவ்வொரு நாளும் தாண்டிப்போக ஒரு காரணம் இருக்கும். பாடம் முடியவில்லை, மணி அடிக்கப்போகிறது, குதிகால் வலிக்கிறது. லூர்துமேரி டீச்சருக்கும் ஒரு நாலாவது வாரம் இருந்திருக்கும். அது எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியாது.

என்ன சொல்வது. மன்னித்துவிடு என்றால் அதுவும் ஒரு மனு, எட்டு வரி. வகுப்பு முன்னால் சொன்னால் அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தனியாகச் சொன்னால், எல்லோர் முன்னாலும் செய்துவிட்டுத் தனியாகச் சொல்கிறாயா. லூர்துமேரி டீச்சர் காதுக்குப் போனால் நான் சொல்லிக்கொடுத்தது தப்பா என்று கேட்பார், கையெழுத்து இன்னும் போடவில்லை. பார், இங்கேயும் கையெழுத்து வந்து நிற்கிறது. சொல்லாமல் போய்விடலாம். இந்தப் பிள்ளை பத்தாவது முடிப்பதற்குள் பயிற்சிக்கு வந்த மிஸ்ஸின் பெயர் மறந்துவிடும். பெயர் மறந்துவிடும். கை தூக்காமலிருப்பது மறக்குமா. நான்கு ஐந்துக்கு அவள் எழுந்தாள். எழவேண்டும் என்று நினைக்கவில்லை, எழுந்துவிட்டாள். பெஞ்சுகளுக்கு நடுவே போய் மூன்றாவது பெஞ்சின் பக்கத்தில் நின்றாள். ஐந்து கேள்வியில் மூன்றுதான் முடிந்திருந்தது. நாலாவதில் பாதி வரி. பதில் அத்தனையும் சரியாக இருந்தது, எழுத்துக்குத்தான் நடக்க முடியாமலிருந்தது. குனிந்து, பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்காத குரலில், "இடது கையால எழுதும்மா, நேரமாகுது" என்றாள்.

பூமாரி பேனாவை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்த முகத்தில் வருத்தமோ குற்றம் சாட்டுதலோ இல்லை. வீட்டு வேலையில் தெரியாமல் கை வைக்கிற விருந்தாளிக்குப் பதமாகச் சொல்கிற முகம்.

"வேணாம் மிஸ். நீங்க திங்கக்கிழமை இருக்க மாட்டீங்க. நான் இங்கதான இருக்கணும்."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். தவமணி நின்றபடியே நின்றாள். அவ்வளவுதான். ஒன்பது நாள் அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்ததை அந்தப் பிள்ளை என்றைக்கோ பார்த்து முடித்து மடித்து வைத்துவிட்டாள். அதில் தவமணிக்குத் தண்டனையுமில்லை, மன்னிப்புமில்லை, அவளுக்கு அதில் இடமே இல்லை. இந்த வகுப்பில் எந்தக் கையால் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொன்னபோது, இந்த வகுப்பு என்பது பதினாறு வாரம்தான் என்பதை அவள் யோசிக்கவில்லை. போகிறவள் தைரியம் சொல்வது எளிது. அடி வாங்குவது இருக்கிறவள். பெரியப்பாவிடம் அடி, பின்பெஞ்சில் சிரிப்பு, நாளைக்கு வேறொரு டீச்சரின் கண். நீ நம்பு நம்பு என்று ஒரு பிள்ளையிடம் கேட்கிறாயே, உன்னை எத்தனை நாளைக்கு நம்பலாம் என்று என்றைக்காவது சொன்னாயா. சொல்ல நினைத்திருந்த சொற்கள் எல்லாம் உதிர்ந்தன. உதிர்ந்ததில் ஒருவகையான ஓய்வும் இருந்தது. மணி அடித்தது.

தாள்கள் மேசைக்கு வந்து குவிந்தன. மிஸ் எங்களை மறந்துராதீங்க என்று யாரோ சொன்னார்கள், யாரோ ஒரு ரோஜாப்பூவைக் கையில் திணித்தார்கள், கீர்த்திகா இனிமேல் எந்த ஸ்கூல் மிஸ் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஏதோ சொன்னாள். பைகள் போயின, செருப்புகள் போயின, சத்தம் படியிறங்கிப் போயிற்று. மூன்றாவது பெஞ்சில் பூமாரி நாலாவது பதிலின் கடைசி வரியில் இருந்தாள். மணி அடித்தது அவளுக்குக் கேட்டிருக்கும், தாளை வாங்கிக்கொள்வார்கள் என்று தெரிந்திருக்கும், அதுவரை எழுதுவோம் என்று எழுதிக்கொண்டிருந்தாள். தவமணி கை நீட்டவில்லை. நான்கரை பஸ் போனால் அடுத்தது ஐந்தரைக்குத்தான். பக்கத்தில் போய், முடிச்சிட்டுக் குடும்மா, நான் இருக்கேன் என்றுமட்டும் சொன்னாள். பூமாரி ஐந்தாவது கேள்வியின் எண்ணை எழுதினாள்.

லூர்துமேரி டீச்சர் வாசலில் வந்து நின்றார், தோளில் பை, கக்கத்தில் தவமணியின் ரெக்கார்டு நோட்டு, கையில் மூடி கழற்றிய பேனா. உனக்காகத்தான் கீழே காத்துக்கிட்டிருந்தேன், மணியடிச்சு எவ்வளவு நேரமாச்சு என்றார். பிறகு உள்ளே எட்டி யாரென்று பார்த்தார். அலுப்போடு, பிரியத்தோடும்தான், தாளை வாங்கிக்கிட்டு வாம்மா, தெரிஞ்சா இந்நேரம் எழுதியிருப்பா, தெரியாததை எவ்வளவு நேரம் உக்காந்து எழுதுவா என்றார்.

"அவளுக்குத் தெரியும் டீச்சர்" என்றாள் தவமணி.

குரல் காலி வகுப்பறையில் அவள் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. லூர்துமேரி டீச்சர் என்னம்மா என்பதுபோலப் பார்த்தார்.

"மேடம் வந்த அன்னிக்கும் தெரியும். தெரிஞ்சுதான் இடது கையத் தூக்கினா. எனக்கு மார்க் போயிருமோன்னு பயம், நான்தான் கேக்காம விட்டேன். அந்த வழியே தப்பு டீச்சர், தெரிஞ்சேதான் செஞ்சேன்."

டீச்சர் பேனாவின் மூடியைத் தேடி மாட்டினார். மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றார், போகவும் இல்லை, வரவும் இல்லை. பூமாரி நிமிரவில்லை. அவள் பேனா ஒரு கணம் தாளைவிட்டு எழும்பி அந்தரத்தில் நின்றது, பிறகு அதே வலது கையில் அடுத்த சொல்லுக்கு இறங்கியது. ஆள் குறைந்த அறையில் மின்விசிறியின் காற்று இப்போதுதான் எட்டியது. இடது கை இன்னும் தொடைக்கடியில் இருக்க, பிடிக்கக் கையில்லாத தாள் ஓரம் தூக்கி நழுவியது. தவமணி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, அந்த ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.